ஈஸ்டுக்கு இதமான சூடு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் குழந்தை குருவியும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் பொய் சொல்வாய். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. அணை கட்டும் இந்தப் பள்ளத்தாக்கில் செல்போனைத் தூக்கிக்கொண்டு எந்தப் பாறைமேல் ஏறினாலும் சிக்னல் கிடைப்பதில்லை. அலுவலகத்தில் இருக்கும் ஒரே போனில் பேசினால், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நம் வீட்டுக் கதையைக் கேட்கிறார்கள். இந்த விஷயத்தை என்னால் அப்படிப் பேச முடியாது. வாரம் ஒரு தடவை கீழேயிருந்து சாமான் லாரி வரும். தபாலும் அதில்தான் வரும், போகும்.

இத்துடன் குருவியின் ரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலை வைத்திருக்கிறேன். பெரியவன் நம்மை விட்டுப் போனபோது எடுத்து வைத்திருந்த ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மரபணுவில் ஒரே மாற்றமாம். என்னிடமிருந்து ஒன்று, உன் மாமாவிடமிருந்து ஒன்று. "இதனால பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?" என்று கேட்டேன். "ஆகலாம், ஆகாமலும் போகலாம். இந்த மாற்றத்துக்கு என்ன அர்த்தம்னு இன்னும் யாருக்கும் தெரியாதும்மா" என்றார். சம்பளம் வாங்குகிற மனிதர் சொல்கிற பதிலா இது?

பெரியவனைக் கொண்டுபோனது சாதாரணக் காய்ச்சல். காலையில் சுட்டது, இரண்டு நாளில் ஈரல் நின்றுவிட்டது என்றார்கள். ஏன் நின்றது என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. அதனால்தான் குருவிக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே, லாரி நின்றால் லாரியிலும் இல்லாவிட்டால் என்ஜினியரின் ஜீப்பிலும் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். "ஒண்ணைப் பறிகொடுத்துட்டோம். இன்னொண்ணைப் பயத்துலயே வளர்க்கப் போறியா?" என்று உன் மாமா கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

இத்தனை வருஷமாக உன் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த ஈஸ்டைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாயே, அதை வைத்து இதற்கு ஒரு பதில் சொல்ல முடியுமா? இந்த மாற்றம்தான் என் பிள்ளையைக் கொன்றதா, இல்லையா? இதை மட்டும் எனக்குச் சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நலமாக இருக்கிறேன், சாப்பிடவும் செய்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அறிக்கையைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அதில் சொல்லியிருக்கும் மரபணு செய்கிற புரதம் எனக்குப் பழக்கமான ஆள். ஈஸ்டில் அவனுக்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கிறான். நான் தினமும் அவன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

நீ அணை முகாமில் ஸ்டோர் பார்க்கிறவள், உனக்குச் சட்டென்று புரியும். செல்லுக்குள் ஒரு கூடத்தில் புரதங்களைச் செய்து, மடித்து, கோணல்மாணலாக இருப்பதைக் கழித்து, நல்லதைச் சின்னச் சின்னப் பைகளில் போடுகிறார்கள். பை அடுத்த கூடத்துக்குப் போகும். அங்கே ஒவ்வொன்றின் முகவரியையும் பார்த்து, இது செல்லுக்கு வெளியே, இது சுவருக்கு, இது குப்பைக்கு என்று பிரிப்பார்கள். கதை அதோடு முடியவில்லை. காலிப் பைகள் முதல் கூடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சரக்கை எதில் போடுவது? திரும்பி வரும் பையைக் கை நீட்டிப் பிடித்து உள்ளே இழுக்க ஒரு சிறு கூட்டம் வாசலிலேயே நிற்கிறது. குருவியின் அறிக்கையில் இருப்பவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

மனிதனின் மரபணுவை அப்படியே ஈஸ்டில் வைத்தால் ஒட்டாது. அதனால் ஈஸ்டின் சொந்த மரபணுவில் அதே இடத்தில் அதே மாற்றத்தைச் செய்து பார்க்கப்போகிறேன். ஈஸ்ட் நன்றாக வளர்ந்தால் அவன் கை சரியாக இருக்கிறது. தவித்தால், அப்போது யோசிப்போம். இது வீட்டு விஷயம் என்று பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் "நீ செய்யாதே, வேறு யாராவது செய்யட்டும்" என்பார். எனக்கு நானே செய்ய வேண்டும்.

குருவியின் கன்னத்தைக் கிள்ளியதாகச் சொல்.

இப்படிக்கு,
தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம், அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

உன் பை விவகாரம் நன்றாகவே புரிந்தது. சுரங்கத்துக்கு அனுப்பும் ஆக்ஸிஜன் சிலிண்டர் காலியாகித் திரும்பி வராவிட்டால் கீழே புதுசு தரமாட்டார்கள். வெல்டிங்காரர்கள் என் தலையைப் போட்டு உருட்டுவார்கள். ஈஸ்டுக்குள்ளும் இதே தலைவலிதானா? பாவம், அதற்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா?

போன வாரம் குருவிக்குக் காய்ச்சல். ஜீப்பைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனேன். பாதி வழியிலேயே வாந்தி, கண் செருகல். ஆஸ்பத்திரியில் காய்ச்சலைக் குறைத்துக் கையோடு குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் அந்தக் கட்டிலிலேயே ஏறிக் குதிக்கிறாள். "இதுக்குப் போய் மலையிலேர்ந்து இறங்கி வரணுமா? வீட்டுலயே ரெண்டு மாத்திரை கொடுத்திருக்கலாமே" என்று புது டாக்டர் கேட்டார். எனக்கு இந்த முகாமில் 'ஆம்புலன்ஸ் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லாரி ஓட்டுநரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவமானமாக இருக்கிறது தம்பி. அதைவிடப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. வளர்ந்திருக்கிறது!

தட்டைத் திறந்தேன். ஒரு வரிசையில் மாற்றம் இல்லாத ஈஸ்ட், பக்கத்து வரிசையில் குருவியின் மாற்றம் உள்ள ஈஸ்ட். இரண்டும் வெண்ணெய்த் துளிபோல ஒரே அளவில், ஒரே பளபளப்பில். எது எது என்று பார்க்கத் தட்டின் அடியில் எழுதியிருப்பதைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. முப்பது டிகிரியில், ஈஸ்டுக்கு இதமான சூட்டில், ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்கிறது. மறுபடி போட்டுப் பார்த்தேன், அதேதான்.

அந்த மாற்றம் அப்பாவி அக்கா. பெரியவனுக்கு நடந்தது வேறு ஏதோ. அது என்னவென்று நமக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அது குருவியைத் துரத்திக்கொண்டு வரவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுபோல அவளுக்கும் காய்ச்சல் வரும், போகும். இனிமேல் ஓடாதே. உட்கார்ந்து மூச்சு விடு.

மகிழ்ச்சியுடன்,
தம்பி

மே 19

என் கண்ணான தம்பிக்கு,

நீ நூறு வருஷம் நன்றாக இரு.

உன் கடிதத்தை ஸ்டோரில் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு அழுதேன். சுமை தூக்குகிறவர்கள் யாரோ இறந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். "நல்ல சேதிப்பா, போங்க வேலையைப் பாருங்க" என்று விரட்டினேன். உன் மாமா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். அவளை ஆற்றில் கால் நனைக்க விட்டது அன்றைக்குத்தான்.

ரொம்ப நாளுக்குப் பிறகு குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் தூங்கினேன். போன வாரம் அவளுக்கு மூக்கு ஒழுகியது. பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காருவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது, தெரியுமா? உன் கடிதம் கொடுத்த தைரியம்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோரின் நலம் அறிய ஆவல், குருவியுடையதை முக்கியமாக.

இங்கே வேலை கொஞ்சம் கூடிவிட்டது. பேராசிரியர் பழைய தட்டுகளின் படங்களைக் கேட்டார். "எல்லாச் சூட்டிலும் போட்டிருக்கியா?" என்றார். இல்லை என்றேன். இப்போது போட்டிருக்கிறேன். வழக்கமாகச் செய்கிற சரிபார்ப்புதான். தட்டுகளை வைத்து வளர்க்கும் சூட்டுப்பெட்டி ஒன்று வேறு தகராறு செய்கிறது, அதில் வருவதை நம்ப முடியவில்லை.

குருவிக்குக் காய்ச்சல் ஏதாவது வந்ததா? வந்தால் முன்போல ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தப்பில்லை. உனக்கு எது மனதுக்குப் படுகிறதோ அப்படிச் செய்.

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். குருவிக்குக் காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லை. கொழுகொழுவென்று இருக்கிறாள், இடுப்பில் தூக்கினால் இடுப்பு போய்விடுகிறது.

போன கடிதத்தில் ஓடாதே என்றாய், இந்தக் கடிதத்தில் ஓடினால் தப்பில்லை என்கிறாய். எதைக் கேட்பது? உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "அவன் பொதுவாச் சொல்றான். நீ உடனே பிடிச்சுக்காதே" என்றார். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் நீ சுருக்கமாகப் பேசுவாய். இந்தக் கடிதம் சுருக்கமாக இருக்கிறது.

ஏதாவது இருந்தால் சொல்லிவிடு. நான் தாங்குவேன், தாங்கியவள்தானே. ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று தெளிவாக எழுது.

அன்புடன்,
அக்கா

ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ வீணாகக் கவலைப்படுகிறாய்.

எங்கள் வேலையில் ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் சொல்லக் கூடாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறேன். சூட்டுப்பெட்டியைப் பழுது பார்த்துவிட்டார்கள். ஈஸ்ட் தின்று வளரப் புது ஊட்டக்கூழ் காய்ச்சி, உறைபெட்டியிலிருந்து ஈஸ்டைப் புதிதாக எடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன். அதுவரை எழுத ஒன்றும் இல்லை.

இங்கே வெயில் தாங்கவில்லை. உங்கள் பக்கம் மழை என்று செய்தியில் சொன்னார்கள். குழந்தையை நனையவிடாதே. காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்.

குருவிக்கு ஒரு பொம்மை வாங்கி வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவருவேன்.

தம்பி

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூவரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

'எழுத ஒன்றும் இல்லை' என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் நிம்மதி வந்தது. தெளிவாகக் கேட்டேன், தெளிவாகச் சொல்லிவிட்டாய். இனிமேல் உன்னை நச்சரிக்கமாட்டேன்.

மழை கொட்டித் தீர்க்கிறது. கம்பம் சாய்ந்து அலுவலகப் போனும் செத்துவிட்டது. ஜீப் பழுது பார்க்கக் கீழே போனது, பாதை சரிந்ததால் அங்கேயே நிற்கிறது. லாரி மட்டும் உருட்டிப் புரட்டி எப்படியோ ஏறி வருகிறது. எங்களுக்கும் உலகத்துக்கும் இப்போது அந்த ஒரு சொந்தம்தான்.

முகாம் குழந்தைகளுக்கு ஒரு காய்ச்சல் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்று தேறினால் அடுத்தது படுக்கிறது. எல்லாம் தானாகவே சரியாகிவிடுகிறது. மேஸ்திரியின் மனைவி, "என்ன ஆம்புலன்ஸ் அக்கா, இன்னும் கிளம்பலையா?" என்று கிண்டல் செய்தாள். "நான் வேலையை விட்டுட்டேன்டி" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 11

அக்கா,

இதைப் படிக்கும்போது நீ எங்கே இருந்தாலும் முதலில் குருவியின் உடம்பைத் தொட்டுப் பார். சுட்டால் மீதியைப் படிக்காதே. அவளைத் தூக்கிக்கொண்டு கீழே போ. குளுக்கோஸ் ஏற்றச் சொல், காய்ச்சலை இறக்கச் சொல், ஈரலைப் பார்க்கச் சொல். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

நான் தப்பு செய்துவிட்டேன். தட்டுகளை முப்பது டிகிரியில் வளர்த்தேன். ஈஸ்ட் வேலை பார்க்கும் எல்லோருக்கும் சாதாரணச் சூடு என்றால் முப்பதுதான். இத்தனை வருஷம் ஈஸ்டோடு வாழ்ந்து, குழந்தையின் உடம்புச் சூடு முப்பத்தேழு என்பது எனக்கு உறைக்கவேயில்லை. முப்பத்தேழில் வைத்தபோது குருவியின் வரிசை கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான். காய்ச்சல் சூட்டில், முப்பத்தொன்பதில் வைத்தேன். மாற்றம் இல்லாத ஈஸ்ட் அப்போதும் வளர்கிறது. அவளுடைய வரிசை காலியாக இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன். போக வேண்டிய புரதமெல்லாம் நடுவழியில் குவிந்து கிடக்கிறது. திரும்பி வரும் பையைப் பிடிக்க வாசலில் யாரும் இல்லை.

அந்தப் புரதம் சூடு தாங்காது அக்கா. காய்ச்சல் இல்லாதவரை குருவிக்கு ஒன்றும் ஆகாது, காய்ச்சல் வந்தால் ஈரல் நிற்கும். பெரியவனுக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நீ பைத்தியம் மாதிரி ஓடினாயே, அந்த ஓட்டம்தான் குருவியை இதுவரை காப்பாற்றியிருக்கிறது. அதை நிறுத்தச் சொன்னவன் நான்.

இதை முதலில் பார்த்தது ஜூன் மாதத்தில். பெட்டியின் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். உனக்கு அந்தக் கடிதத்தை எழுதியபோதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். நேற்று நிச்சயமாகிவிட்டது.

நேற்றிலிருந்து போன் அடித்துப் பார்க்கிறேன், மணியே போகவில்லை. கீழே உங்கள் கம்பெனி அலுவலகத்தில் ஒருவர் எடுத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் உடனே கீழே கொண்டுவர வேண்டும், அக்காவிடம் அவசரமாகச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். "சரி சார், சரி சார்" என்றார். பின்னால் யாரோ அவரை வேறு எதற்கோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் இதைக் கூரியரில் அந்த அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். விமானத்தில் இடம் கிடைத்ததும் நானும் கிளம்புகிறேன்.

திட்டு, அடி, முகத்தில் விழிக்காதே என்று சொல். அதையெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்.

தம்பி

ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? உன்னிடமிருந்து கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. அதற்காகக் கோபம் ஒன்றும் இல்லை, எழுதத் தோன்றியது, எழுதுகிறேன்.

முகாமைச் சுற்றிய காய்ச்சல் ஒருவழியாக எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. குருவிக்கு நேற்று சாயங்காலத்திலிருந்து சுடுகிறது. மாத்திரை கொடுத்தேன், ஈரத்துணி போட்டேன். பழைய அக்காவாக இருந்தால் இந்நேரம் மலையைப் பாதி இறங்கியிருப்பாள். உன் மாமா, "நீ எப்படி இவ்வளவு அமைதியா இருக்கே?" என்று ஆச்சரியப்பட்டார். "என் தம்பி பார்த்துட்டுச் சொல்லியிருக்கான்" என்றேன். அவரும் தைரியமாக வேலைக்குப் போயிருக்கிறார். சுரங்கத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது, இரவு வரை வரமாட்டார்.

இவ்வளவையும் காலையில் எழுதினேன். இப்போது மதியம். சாப்பாடு கொடுத்தேன், அப்படியே வாந்தி எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு தூங்குகிறாள். அவள் இவ்வளவு நேரம் தூங்குகிறவள் இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், திறந்து மூடிக்கொள்கிறாள். மடியில் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், நடுவில் ஒரு தடவை எழுந்து பையை எடுத்து அவள் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். பிறகு உன் மே மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். படித்ததும் மனசு தெளிந்தது, துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுபோல வரும், போகும்.

லாரி வந்துவிட்டது, ஹாரன் கேட்கிறது.

ஓட்டுநர் வாசலில் நிற்கிறார். மழை வலுக்குமுன் இறங்க வேண்டுமாம், இன்றைக்கு விட்டால் பாதை எப்போது திறக்குமோ தெரியாது என்கிறார். "என்ன ஆம்புலன்ஸ் அக்கா, ஏறலையா?" என்று வழக்கம்போலக் கேட்டார். "இல்லண்ணா, இனிமே நமக்கு அந்த வேலை கிடையாது" என்றேன். உன்னிடமிருந்து ஒரு கனமான கவர் கொண்டுவந்திருக்கிறார். "உங்க தம்பி ஆபீஸுக்குப் போன் பண்ணாராம்மா. என்னமோ சொன்னாராம், எல்லாம் லெட்டர்ல இருக்காம்" என்றார்.

போன் செய்கிற அளவுக்கு அப்படி என்னடா சேதி? பெண் ஏதாவது பார்த்துவிட்டாயா? கவரைத் தடவிப் பார்த்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பாய் போலிருக்கிறது. பிரிக்கக் கை பரபரக்கிறது. ஆனால் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கிறார், பாவம். முதலில் இதை அவர் கையில் கொடுத்து அவரை அனுப்பிவிடுகிறேன். அப்புறம் குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு, நிதானமாக உட்கார்ந்து உன் கடிதத்தைப் படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா